பறங்கி மிஸ்ஸின் தண்ணீர்ப் போத்தல்

2025 யூன் 3, செவ்வாய்

இன்றைக்கு முழுக்க ஹூக். மூன்று பிளவுஸுக்கும் தைத்து முடித்துவிட்டு, மாதா கோயிலில் முதல் நன்மை எடுக்கப் போகிற பிள்ளை ஒன்றின் வெள்ளைச் சட்டையைக் கையில் எடுத்தேன். அரைமணி ஆகவில்லை, தம்பி ரொபின் பட்டறையில் தேக்குப் பலகையை இழைக்கத் தொடங்கிவிட்டான். காற்று வாவிப் பக்கமிருந்து வீசியது. மரத்தூள் அத்தனையும் வெள்ளைத் துணியில். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் அவனுக்கு! கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்து, எங்கள் வீட்டுப் பாஷையில் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ் போதாது. பறங்கிப் பாஷைதான் வரும். போர்த்துக்கேயர் எங்கள் பறங்கிச் சனத்துக்கு விட்டுப்போனது, அப்பாவும் அம்மாவும் சண்டை பிடித்தது. அதில் திட்டினால்தான் திட்டின மாதிரி இருக்கும்.

திரும்பிப் பார்த்தால் கேற்றடியில் ஒரு மனிதர். நல்லரத்தினம், ரியூஷன் வகுப்புகளுக்கு ரியூட்டரி நடத்துகிறவர். ரொபினிடம் வகுப்பில் இருந்து படிக்க மர வாங்குகள் செய்யச் சொல்லியிருந்தாராம், பார்க்க வந்தாராம். வவுனியாப் பக்கத்து ஆள், இங்கே கலியாணம் முடித்து இரண்டு வருசம்தான். வாயைப் பிளந்தபடி நிற்கிறார்.

"மிஸ், இங்கிலீஷ் என்ன ஸ்பீட்டாக் கதைக்கிறியள்!"

ரொபின் சீவுளியைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினான், சிரிக்க. நானும் சிரித்திருக்க வேண்டும். "ஐயோ சேர், இது இங்கிலீஷ் இல்ல." நாலைந்து சொல். சொல்லவில்லை. அவர் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டு போனார். இங்கிலீஷ் வகுப்புக்கு ஆள் தேடுகிறாராம், உத்தியோகச் சோதனை எழுதுகிற பெரிய ஆட்களுக்கு. பறங்கி மிஸ் என்றால் சனம் அள்ளுமாம்.

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? பள்ளிக்கூடத்தில் எப்போதும் என்னைத்தான் முதலில் எழுப்புவார்கள். "மவுறீன், நீ வாசி, உனக்கு வரும்." எழும்பி நிற்பேன். வராது. வகுப்பே சிரிக்கும். ஓ எல் சோதனையில், சாதாரண தரத்தில், இங்கிலீஷ் ஃபெயில். இந்த நாற்பத்தொரு வயதில் ஒருவர் என் வாயைப் பார்த்து அசந்து நின்றது இன்றைக்குத்தான். நன்றாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

யூன் 5, வியாழன்

போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். பஸ் நிலையத்திலிருந்து கல்லடிப் பாலம் வரைக்கும் என் முகம். "மட்டுநகரில் முதன்முறையாக! மவுறீன் மிஸ்!" சந்தைக்குப் போனேன், மீன்காரன் "குட் மோர்னிங்" என்றான். மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

யூன் 7, சனி

முதல் வகுப்பு. அறுபத்துமூன்று பேர்.

நோட் எழுதித் தந்தது ஆர்த்திகா. பெரியகல்லாற்றுப் பிள்ளை, இருபத்தேழு வயது, தகப்பன் வாவியில் வலை போடுகிறவர். இங்கிலீஷில் பட்டம் முடித்திருக்கிறாள். ரியூட்டரி ஒஃபிசில் பற்றுச்சீட்டு எழுதுகிறாள். எனக்கு முன்னம் இந்த வகுப்பை எடுத்தது அவள்தானாம். அதை நல்லரத்தினம் என்னிடம் சொல்லவில்லை, நோட்டைத் தரும்போது அவளே சொன்னாள்.

நான் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "மிஸ், ஆரும் கேள்வி கேட்டா தண்ணிப் போத்தல நிரப்பிற மாதிரி ஒஃபிசுக்கு வாங்க. நான் சொல்லித் தாறன்." அதுதான் ஏற்பாடு. வகுப்புக்கும் ஒஃபிசுக்கும் நடுவில் ஒரு ஹார்ட்போட் தட்டி. இந்தப் பக்கம் நான் வாசிப்பது அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்கும்.

நவுன் என்றால் பெயர். ஆளுக்கு, இடத்துக்கு, பொருளுக்கு. எல்லாருக்கும் பொதுவான பெயர் கொமன் நவுன்: ஆசிரியர், கிராமம், ஆறு. ஒருவருக்கே உரியது புறொப்பர் நவுன்: மவுறீன், தேற்றாத்தீவு, மட்டக்களப்பு. வாசித்துக்கொண்டு போக எனக்கே ருசித்தது. நாலு தரம் தண்ணீர் நிரப்பினேன். முன்வாங்கில் ஒருவர், "மிஸ்ஸுக்குச் சரியான தாகம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பாசமாகத்தான்.

யூன் 14, சனி

கலெக்டிவ் நவுனும் மெட்டீரியல் நவுனும். கூட்டம், படை, மந்தை. பிறகு துணி, மரம், தங்கம். துணியையும் மரத்தையும் பற்றி நோட் இல்லாமலே கதைத்தேன், அது எங்கள் வீட்டுச் சாமான்தானே.

வகுப்பு முடிய ஜெயரூபன் என்று ஒருவர் வந்து நின்றார். முப்பத்தாறு வயது, தேற்றாத்தீவு, ஒரு அரசாங்க ஒஃபிசில் பியோன். கிளார்க் ஆகிறதுக்கு ஓகஸ்ட் பத்தாம் திகதி சோதனை இருக்கிறதாம். மற்றப் பாடமெல்லாம் பாஸ். இங்கிலீஷில் மட்டும் இரண்டு தரம் விழுந்துவிட்டார். மூன்றாம் தரம்தான் கடைசி, அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

"பன்னெண்டு வருசமா மற்றாக்களுக்கு ஃபைல் தூக்கிறன் மிஸ். போஸ்டரக் கண்ட உடன நினைச்சிற்றன், இந்தத் தரம் தப்பாதெண்டு. நீங்க பறங்கி ஆக்கள், உங்களுக்கு ரத்தத்திலயே இரிக்கி."

என் ரத்தத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். "வடிவாப் படிங்க" என்றேன்.

யூன் 21, சனி

ஆர்த்திகா வரவில்லை. தகப்பனுக்குக் காய்ச்சல். நோட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆளில்லை என்று தெரிந்ததும் போத்தலை விளிம்புவரை நிரப்பி மேசையில் வைத்தேன். கேள்வி வராமல் இருக்க மாதாவை மன்றாடினேன்.

வந்தது. ஜெயரூபன்தான். "மிஸ், பசி எந்த நவுன்?"

போத்தல் நிறையத் தண்ணீர். போக இடமில்லை. அறுபது முகமும் என்னையே பார்க்கிறது. "கொமன் நவுன்," என்றேன். "பசி எல்லாருக்கும் பொதுவா வாறதுதானே? பணக்காரனுக்கும் வரும், ஏழைக்கும் வரும். அப்ப கொமன்."

கை தட்டினார்கள்! உண்மையாகத்தான், பின்வாங்கில் தொடங்கி முன்னுக்கு வந்தது. ஜெயரூபன் சிவப்புப் பேனையால் எழுதி இரண்டு கோடு இழுத்தார். வீட்டுக்கு வந்து ரொபினுக்கும் சொல்லிக் காட்டினேன். அவன், "அக்கா, நீ பெரிய ஆள்தான்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

யூன் 23, திங்கள்

ஆர்த்திகாவிடம் சொன்னேன், பெருமையாக. அவள் பற்றுச்சீட்டு எழுதுவதை நிறுத்தினாள்.

"மிஸ், அது அப்ஸ்ட்ராக்ட் நவுன். கையால தொட ஏலாதது, கண்ணால காண ஏலாதது, மனசால மட்டும் அறியிறது. அடுத்த சனி வரப்போற பாடமே அதுதான்."

"அதுக்கென்ன, சனிக்கிழமை திருத்திச் சொல்லிருவம்" என்றேன், லேசாகச் சொல்கிற மாதிரி.

யூன் 28, சனி

செய்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்குப் பூசைக்குப் போக ஏலாது.

அப்ஸ்ட்ராக்ட் நவுனுக்கு ஆர்த்திகா உதாரணம் எழுதித் தந்திருந்தாள். முதல் சொல்லே பசி. வேண்டுமென்றே மேலே போட்டிருக்கிறாள், எனக்கு லேசாக இருக்கட்டும் என்று. அதை வாசித்து, "போன கிழமை நான் பிழையாச் சொல்லிற்றன், மாத்தி எழுதுங்க" என்றால் முடிந்தது. ஜெயரூபன் கொப்பியை விரித்துக்கொண்டு முன்னால் இருக்கிறார்.

கோபம், பயம், வெட்கம், பொறாமை என்று வாசித்தேன். பசியை விட்டுவிட்டேன்.

கண் அந்தச் சொல்லில் நின்றது, வாய் தாண்டிப் போய்விட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. நான் தண்ணீர் நிரப்பப் போகவில்லை.

வகுப்பு முடிய இன்னொன்று. யூலை 12 ஆம் திகதி பெரிய இலவசக் கருத்தரங்காம், "நவுன், புறோநவுன்: முழுமையான விளக்கம்". நகர் முழுக்கப் புதுப் போஸ்டர். நல்லரத்தினம் மாதிரியைக் காட்டினார், என் படம் முன்னத்தையதிலும் பெரிது. ஆர்த்திகா மெதுவாகக் கேட்டாள், "சேர், கீழ சின்னனா என்ட பேரையும் போடலாமா? குறிப்புகள், ஆர்த்திகா எண்டு." அவர் போஸ்டரைப் பார்த்தார். "இடமில்லையே பிள்ளை."

இடம் இருந்தது. என் தோளுக்குக் கீழே ஒரு சாண் வெள்ளையாகக் கிடந்தது. ஆர்த்திகா என்னை ஒருதரம் பார்த்தாள். நான் கைப்பைக்குள் வீட்டுப் பூட்டின் திறப்பைத் தேடினேன்.

யூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

யூலை 2, புதன்

ஜெயரூபன் வீட்டுக்கு வந்தார். ஒஃபிஸ் உடுப்போடு, வேர்த்து விறுவிறுத்து. கதிரையில் இருக்கமாட்டேன் என்றார்.

அவருடைய ஒஃபிசில் கிளார்க்மாருக்கெல்லாம் மேலே, தலைமை லிகிதர் வினாயகமூர்த்தி என்று ஒருவர். இவர் சோதனைக்குப் படிப்பது தெரிந்து, எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கேள்வி கேட்டிருக்கிறார். கதை பசியில் வந்து நின்றிருக்கிறது. இவர் கொமன் நவுன் என்று சொல்ல, ஒஃபிசே சிரித்திருக்கிறது.

"நான் விடல்ல மிஸ். எங்கட மிஸ் சொன்னவ, பறங்கி மிஸ், உங்களவிட அவவுக்குத் தெரியும் எண்டு சொல்லிற்றன். சத்தமாத்தான் சொன்னன். பெரியவரோட அப்பிடிக் கதைச்சது பிழைதான். ஆனா உங்களக் கீழாக் கதைச்சா நான் பாத்துக்கொண்டிரிக்கவா?"

இவர் அவரைக் கருத்தரங்குக்கு வந்து என்னிடம் நேரில் கேட்கச் சொல்லியிருக்கிறாராம். வினாயகமூர்த்தியும் வருகிறேன் என்றாராம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானும் அவரும்தான், வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. என்ன செய்தேன்? தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்! சீனி காணுமா, இன்னும் போடவா எண்டு கேட்டன்! எனக்காக மேலதிகாரியோட சண்டை பிடிச்சிற்று வந்து நிக்கிற மனிசனிட்டச் சீனி கேட்டன். நான் என்ன மனிசி?

யூலை 4, வெள்ளி

ஆர்த்திகா வேலையை விட்டுவிட்டாள். போன் எடுத்துக் கேட்டேன். "இனி வரமாட்டன் மிஸ்" என்றாள், வைத்துவிட்டாள். நல்லரத்தினத்துக்கு ஒரு கவலையும் இல்லை. "நோட் கிடக்குத்தானே மிஸ், நீங்கள் வாசிக்கலாமே." அவர் இன்னும் எனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

புறோநவுன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். நான், நீ, அவன், அவள் பெர்சனல். என்னுடையது, உன்னுடையது பொசெசிவ். இது, அது, இவை, அவை டெமொன்ஸ்ட்ரேட்டிவ். முதல் வரியில் அவள் எழுதியிருக்கிறாள்: பெயர் நிற்க வேண்டிய இடத்தில் பதிலுக்கு நிற்பது புறோநவுன். அதோடு கொப்பியை மூடிவிட்டேன். எட்டு நாள் இருக்கிறது.

யூலை 6, ஞாயிறு

கல்முனை பஸ்ஸில் பெரியகல்லாறு போனேன். வழி முழுக்க வார்த்தை அடுக்கிக்கொண்டு போனேன். நான் வாய் திறக்க முன்னம் ஆர்த்திகா வரவேற்றாள். முற்றத்தில் கதிரை போட்டாள், இளநீர் வெட்டித் தந்தாள். அவ்வளவு மரியாதையாக நடந்தது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு எனக்கு முதல் நாளே விளங்கிற்று. அது எனக்குக் கோவம் இல்ல. ஆக்களா நினைச்சாங்க, நீங்க ஓம் எண்டிற்றிங்க. பசிய விட்டிற்று வாசிச்சிங்களே, அதுதான் கோவம். அந்தாள் கடைசித்தரம் சோதின எழுதப் போறார். பிழையத்தான் எழுதுவார். நீங்க சொன்னதெண்டா கல்லுல வெட்டின மாதிரி அவருக்கு."

எனக்கும் ரோசம் வந்துவிட்டது. "அப்ப நீங்க வந்து மேடையில ஏறுங்களன்! இஞ்ச இரிந்து நியாயம் கதைக்கிறது லேசு."

"ஒண்டரை வருசம் ஏறினன் மிஸ். ஒம்பது பேர். பிறகு ஏழு பேர். இதே நோட்டுத்தான், இதே வசனந்தான். ஒரு நாள் இலவச வகுப்பு வச்சம். என்னக் கண்ட உடன முன்வாங்கில இரிந்த ஒராள், இவவா மிஸ், எண்டு கேட்டிற்று எழும்பிற்றார். அவரோட பாதிப்பேர் போயிற்றாங்க. இன்னொருக்கா அதப் பாக்க என்னால ஏலாது."

இவவா மிஸ். நான் அதே வாங்குகளுக்கு முன்னால்தான் நிற்கிறேன், ஒரு மாதமாக. என் ஊரில் ஆட்கள் எனக்குப் பெயரைப் பார்த்துச் சோதினை வைத்தார்கள். அவளுக்கும் அதே சோதினைதான். நான் பாஸ், அவள் ஃபெயில்.

வரும்போது அழுதேன். பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருந்த மனிசி ஜன்னலைப் பூட்டிவிட்டா, தூசி என்று நினைத்திருப்பா.

யூலை 9, புதன்

ஒரு பிளவுஸுக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். இருபது வருசத்தில் முதல் தரம். ரொபின் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அக்கா, அண்டைக்கு நான் பின்பக்கம் ஓடாம, சேர் இது எங்கட வீட்டுப் பாஷை எண்டு சொல்லிரிந்தா முடிஞ்சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வந்திற்று."

"உன்னில பிழை இல்ல, போ."

"வாங்கு எல்லாம் நாளைக்குக் கொண்டு போறன். முன்னுக்குப் போடுறது நல்ல நீளம், பத்துப் பேர் இரிக்கலாம்."

முன்வாங்கு. முன்வாங்கில் இருந்தவர் எழும்பினார், அவரோடு பாதிப்பேர் எழும்பினார்கள். அப்படியென்றால் முன்வாங்கில் இருப்பவர் எழும்பாவிட்டால்?

ஆர்த்திகாவுக்கு அனுப்பினேன்: "சனிக்கிழமை மூன்று மணிக்கு வாங்க. ஆக்கள் எழும்பாம நான் பாக்கிறன்." இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

யூலை 11, வெள்ளி

பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. வயிறு வெறுமையாகக் கிடந்து கத்துகிறது. அப்ஸ்ட்ராக்டாம்.

யூலை 12, சனி

இரண்டரைக்கே ஹோல் நிறைந்துவிட்டது. நடுவில் ஜெயரூபன், இஸ்திரி போட்ட சேர்ட். அவருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மடியில் குடை. வினாயகமூர்த்தி. ஜெயரூபன் என்னைக் காட்டி அவருக்கு ஏதோ சொன்னார், முகமெல்லாம் வெளிச்சம். ஐயோ, அந்த முகம்!

மூன்று மணி. ஆர்த்திகா இல்லை. நல்லரத்தினம் ஒலிவாங்கியைத் தட்டி, "உங்கள் மவுறீன் மிஸ்!" என்றார். கைதட்டு. ஏறினேன். போத்தலை மேசையில் வைத்தேன். அப்போதுதான் கேற்றடியில் அவளைக் கண்டேன், பஸ்ஸால் இறங்கி வந்த வேர்வையோடு. உள்ளே வரவில்லை. கையில் பை, திரும்பிப் போகத் தயாராக.

என்ன சொன்னேன் என்று முழுக்க ஞாபகமில்லை. இவ்வளவும் ஞாபகம்:

"எனக்கு இங்கிலீஷ் தெரியா. எங்கட வீட்டுப் பாஷை வேற, இங்கிலீஷ் வேற. ஓ எல்லில நான் ஃபெயில். அஞ்சு கிழமையா நான் வாசிச்சது ஆர்த்திகா மிஸ் எழுதின நோட்டு. கேற்றடியில நிக்கிறவதான் அவ. தண்ணி நிரப்பப் போன நேரமெல்லாம் அவவிட்டத்தான் கேட்டிற்று வந்தன். நோட்டில இல்லாம நானாச் சொன்னது ஒண்டே ஒண்டு, பசி கொமன் நவுன் எண்டு. அது பிழை. பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் நான் திருத்தல்ல. ஜெயரூபன், ஒஃபிசில உங்களப் பாத்துச் சிரிக்க வச்சது நான்தான்."

குளவிக்கூட்டில் கல் விழுந்த மாதிரி ஹோல் இரைந்தது. நல்லரத்தினம் ஒலிவாங்கியைப் பறிக்க வந்தார். நான் அதை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போய், ரொபினின் நீள வாங்கில், சரி நடுவில் இருந்தேன். அளவு எழுதுகிற கொப்பியை விரித்தேன். என் முதுகுக்குப் பின்னால் வாங்குகள் கிரீச் கிரீச் என்று தள்ளுப்படுகிறது. ஆட்கள் எழும்புகிறார்கள். திரும்பிப் பார்க்கப் பயம்.

கையை உயர்த்தினேன். "மிஸ், பசி எந்த நவுன்?"

ஆர்த்திகா கேற்றடியிலேயே நின்றாள். பிறகு நடுவழியால் நடந்து வந்து மேடையில் ஏறினாள். ஒலிவாங்கியை நல்லரத்தினம் நிற்பாட்டிவிட்டார். வெறும் குரல்தான். "பசி... கையால தொட ஏலாதது..."

"கேக்கல்ல!" என்று பின்னால் ஒருவன்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திரும்பினேன். "கேக்கல்லெண்டா முன்னுக்கு வாங்கவன்! வாங்குக்குப் பஞ்சமா இஞ்ச?"

முதலில் எழும்பி வந்தது வினாயகமூர்த்தி. குடையை ஊன்றிக்கொண்டு வந்து என் வாங்கில் இருந்தார். "சொல்லுங்க மிஸ்" என்றார் ஆர்த்திகாவிடம். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு இன்னும் கொஞ்சப் பேர். வாங்கு நிறைந்தது. மற்றவர்கள் போய்விட்டார்கள், பாதிக்கு மேல். இருந்தவர்களை வைத்துக்கொண்டு அவள் ஒன்றரை மணித்தியாலம் படிப்பித்தாள். எனக்கு முதல் தரமாக விளங்கியது.

போனவர்களில் ஜெயரூபனும் ஒருவர். என் பக்கம் பார்க்கவேயில்லை.

யூலை 13, ஞாயிறு

நல்லரத்தினம் வீட்டுக்கு வந்து ஏசிவிட்டுப் போனார். நான் தலையைக் குனிந்து கேட்டேன். எல்லாம் நியாயம். போகும்போது, "அப்ப அண்டைக்கு நீங்கள் கதைச்சது என்ன பாஷை?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்கு ஆரும் ரியூஷன் கேப்பினமோ?" என்றார்! அந்த மனிசனைத் திருத்த ஏலாது.

யூலை 17, வியாழன்

என் முகத்துக்கு மேல் புதுப் போஸ்டர். முன்வாங்கு ஆட்கள் போய், ஆர்த்திகா மிஸ் என்றால் வருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். நல்லரத்தினத்துக்கு ஆள் வந்தால் போதும். படமில்லை, பெயர் மட்டும், பெரிய எழுத்தில். ஓரத்தில் என் காது கொஞ்சம் தெரிகிறது.

யூலை 19, சனி

படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மாணவர் பெயர்: மவுறீன். தொழில்: தையல். நல்லரத்தினம் தலையில் கை வைத்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். வகுப்பில் முப்பத்தொரு பேர். ஆர்த்திகா இடாப்பில் எங்கள் பெயர்களை வாசித்தாள். என் பெயரிலும் குரல் மாறவில்லை. ஜெயரூபன் கடைசி வாங்கில் இருந்தார். வந்ததே பெரிது. நான் "ஜெயரூபன்" என்று கூப்பிட்டேன், குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஜெயரூபனுக்கு இன்றைக்குச் சோதனை. பூசையில் அவருக்காக மன்றாடினேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறதா? தெரியாது. மன்றாடினேன்.

ஓகஸ்ட் 16, சனி

பேப்பரில் பசி வரவில்லையாம். அவரிடமிருந்து இல்லை, முன்வாங்கில் கதைத்ததைக் கேட்டேன். முடிவு வர இரண்டு மாதம் எடுக்குமாம்.

செப்டெம்பர் 6, சனி

போன கிழமை வைத்த பரீட்சையின் தாள் தந்தார்கள். இருபது சொல், எந்த நவுன், எந்தப் புறோநவுன் என்று எழுத வேண்டும். ஆர்த்திகா மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டா. "மவுறீன்." எழும்பிப் போனேன். இருபதுக்கு ஏழு. கீழே சிவப்பில், "மீண்டும் எழுதிக் காட்டவும்." சலுகை ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன், பொய். கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

வாங்குக்கு வந்து தாளை மடித்து வைக்கிற நேரம் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சப்பாத்தைப் பார்த்தே தெரிந்தது. ஜெயரூபன். யூலை இரண்டாம் திகதிக்குப் பிறகு என்னோடு ஒரு சொல் கதைக்காத மனிசன்.

"இஞ்ச தாங்க பாப்பம்."

கொடுத்தேன். விரலை வைத்து ஒன்று ஒன்றாக வாசித்துக்கொண்டு போனார். நெற்றியைச் சுருக்கினார். கீழே பதினாலாவதில் விரல் நின்றது.

"பசியச் சரியா எழுதிரிக்கிங்க."

"ஓம்."

"அதுக்கு மேல எல்லாம் பிழை." இருந்தார், என் வாங்கிலேயே, ஓரத்தில். பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். "கொப்பிய எடுங்க. முதலாவதில இரிந்து வருவம்."